எல்லாருக்கும் பதினெட்டு

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது அவள் தங்கை எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். நர்சிங் படித்து முடித்துவிட்டு, வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். நான் அப்போது போன் எடுப்பதை நிறுத்தியிருந்தேன். யார் அடித்தாலும் மணி ஓயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் கடிதம். குடிநீர் இறைக்கும் நிலையத்தில் மீட்டர்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் வேலை எனக்கு. அவளை வீட்டில் எல்லாரும் அணில் என்று கூப்பிடுவோம். அவள் எழுதியவை என்னிடம் இருந்தன. நான் எழுதியவற்றைப் பிறகு அவளிடம் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

அணில் எழுதறேன். நான் சௌக்கியம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டா ஒத்தை வார்த்தையில முடிச்சிடுவீங்க. அதனால வேற மாதிரி கேக்கறேன். காலையில என்ன சாப்பிட்டீங்க? அடுப்புல செஞ்சதா, கடையில வாங்கினதா? ரெண்டும் இல்லன்னா உண்மையை எழுதணும்.

இங்க ஹாஸ்டல் பரவாயில்ல. ஒரு ரூமுக்கு நாலு பேர், மூணு பீரோ. நாலாவது ஆள் நான். என் துணி எல்லாம் கட்டிலுக்கு அடியில பெட்டியில இருக்கு. வார்டன் எங்க போனையெல்லாம் வாங்கி டிராயர்ல பூட்டி, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் தருவாங்க. உங்களுக்கு அடிச்சா நீங்க எடுக்கப் போறதில்ல. அதுக்கு லெட்டர் மேல்.

என்னை ஆம்பளைங்க வார்டுல போட்டிருக்காங்க. இருபத்திரண்டு கட்டில். வார்டு சிஸ்டருக்கு நாங்க வச்ச பேரு சைரன். அவங்க வாயைத் திறந்தா மூணாவது மாடியில தூங்கறவன் எழுந்திரிச்சு உட்காருவான். முதல் நாளே என்னைப் பார்த்து, "இது என்னம்மா நடை? கல்யாண வீட்டுக்கு வந்தியா, வேலைக்கு வந்தியா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ஓட்டம்தான்.

அம்மா உங்களைப் பத்தி ரொம்ப விசாரிக்கறாங்க. பதில் போடுங்க.

உங்க அணில்

ஜூன் 20

அணிலுக்கு,

நான் நலம். லெட்டர் கிடைச்சது.

வீட்டுல ஹால் ஃபேன் சத்தம் போட்டுச்சு. கழட்டிப் பார்த்து பேரிங் மாத்தினேன். இப்ப சத்தம் இல்ல.

நாள் முழுக்க நிக்கற வேலைன்னா சாயங்காலம் கால் வீங்கும். ஷூ சாயங்காலத்துல போய் வாங்கு. அரை சைஸ் பெருசா வாங்கு.

சாப்பாடு கடையில.

மாமா

ஜூலை 4

அன்புள்ள மாமா,

நல்லா இருக்கேன்னு எழுதணும்னுதான் பேப்பர் எடுத்தேன். வரல.

என் பக்கத்துக் கட்டில் நெட்டைச்சி பயிற்சியை விட்டுட்டுப் போயிட்டா. நேத்து மதியம் அவங்க அப்பா வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போனார். அவ யாரையும் நிமிர்ந்து பாக்கல. எனக்கு ஒரு பீரோ கிடைச்சிருக்கு. அதைத் திறந்து துணி அடுக்கவே மனசு வரல.

ஒவ்வொரு நாளும் காலையில ஏழு மணிக்கு ரீடிங் எடுக்கணும். நாடி, காய்ச்சல், பிரஷர், மூச்சு. இந்த நாலையும் இருபத்திரண்டு பேருக்கும் எடுத்து, ஏழு நாப்பதுக்குள்ள அட்டையில ஏத்தணும். அதுக்கப்புறம் டாக்டர் வருவார். நான் பன்னெண்டாவது கட்டில்ல இருக்கறப்பவே அவர் வாசல்ல நிப்பார். சைரன் எல்லார் முன்னாடியும், "உன்னை நம்பி நோயாளியை விட்டா அவன் குணமாகி வீட்டுக்கே போயிடுவான், நீ இன்னும் அட்டை எழுதிட்டிருப்ப"ன்னாங்க. வார்டே சிரிச்சுது. ஆபரேஷன் பண்ணின ஒருத்தர் தையலைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார்.

நானும் சிரிச்சேன். அப்புறம் போர்வை அடுக்கற ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். உள்ள ஏற்கெனவே ஒருத்தி அழுதிட்டிருந்தா. "இடம் இருக்கு, உட்காரு"ன்னா.

இப்பல்லாம் நாடி பிடிக்கறப்ப துடிக்கறது அவங்க கையா, நடுங்கறது என் விரலான்னே தெரியல மாமா. சோறு இறங்கல. நானும் பெட்டியைத் தூக்கிடுவேனோன்னு பயமா இருக்கு. அப்பா தெருவுல எல்லார்கிட்டயும், "என் சின்னவ நர்சு"ன்னு சொல்லிட்டுத் திரியறார். அக்கா போனதுக்கப்புறம் அவர் வாய் திறந்து பேசற ஒரே விஷயம் அதுதான். அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

அணில்

ஜூலை 11

அணிலுக்கு,

நான் நலம். உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன்.

ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாப்பது நிமிஷம், அதாவது ரெண்டாயிரத்து நானூறு செகண்ட். இருபத்திரண்டு பேர். ஒரு ஆளுக்கு நூத்தி ஒம்பது செகண்ட்.

நீ கட்டில்ல பார்த்துட்டு மேஜைக்கு வந்து எழுதறேன்னு நினைக்கிறேன். அதை நிறுத்து. அட்டையைக் கையிலயே வச்சுக்கோ. தெர்மாமீட்டரை முதல்ல வை. அது ஏறற நேரத்துல பிரஷர் பட்டையைக் கட்டு. நாடி அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கு. இப்படிச் செஞ்சா ஒரு ஆளுக்குத் தொண்ணூறு செகண்ட். மொத்தம் முப்பத்திமூணு நிமிஷம்.

மூச்சு மட்டும் இதுல சேரல. அதுக்கு மிஷின் கிடையாது, பக்கத்துல நின்னு முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும்னு ஒரு தடவை நீதான் சொன்ன. அதைக் கூட்டினா அம்பத்தஞ்சு நிமிஷம் ஆகுது. பதினஞ்சு நிமிஷம் இடிக்குது. அதுக்கு என்கிட்ட வழி இல்ல. சிஸ்டர்கிட்ட கேளு.

விரல் நடுங்கறது சாப்பிடாததால. சாப்பிடு.

மாமா

ஜூலை 22

அன்புள்ள மாமா,

அணில் ரொம்ப ரொம்ப சௌக்கியம்! உங்க கணக்கு பலிச்சிடுச்சு. அட்டையைக் கையிலயே வச்சுக்கிட்டு ஓடறேன். நேத்து ஏழு முப்பத்தஞ்சுக்கே முடிச்சுட்டேன். சைரன் கடிகாரத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாங்க.

உங்க பதினஞ்சு நிமிஷத்துக்கும் வழி கண்டுபிடிச்சாச்சு. எங்க சீனியர் ஒருத்தி இருக்கா, பேரு ஜெட். ஒரு மிஷினும் இல்லாம மூச்சை எப்படி அவ்வளவு சீக்கிரம் எண்ணறன்னு அவகிட்ட கேட்டேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "எண்ணறியா? நிஜமாவா? அய்யோ பாவம்"னா. அப்புறம் சொல்லிக் கொடுத்தா. "ஆளு உயிரோட இருக்கானா? அப்ப பதினெட்டு போடு. உயிரோட இல்லன்னா என்னைக் கூப்பிடு."

எல்லாரும் அதைத்தான் போடறாங்க மாமா. பழைய அட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். எல்லாருக்கும் பதினெட்டு. அடிபட்டவனுக்கும் பதினெட்டு, ஆபரேஷன் ஆனவனுக்கும் பதினெட்டு. ஒருத்தரும் கேக்கறதில்ல. இப்ப எனக்கு டீ குடிக்கக்கூட அஞ்சு நிமிஷம் கிடைக்குது. மூணு வாரத்துக்கப்புறம் நேத்துதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நெட்டைச்சியோட பீரோவுல துணி அடுக்கிட்டேன். நான் போக மாட்டேன்னு தோணுது. எல்லாம் உங்களாலதான்.

சந்தோஷத்தோட,
அணில்

இந்தக் கடிதத்திற்கு நான் பதில் எழுதவில்லை. பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. என் மனைவி படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையின் நகல் அதில் இருக்கிறது. அவள் இறந்த பிறகு எழுதிக் கேட்டு வாங்கியது. அதில் மூச்சுக்கான கட்டத்தில் பதினான்கு இடங்களில் பதினெட்டு என்று எழுதியிருக்கிறது.

ஆகஸ்ட் 15

அன்புள்ள மாமா,

சௌக்கியமா? லெட்டர் வரல. தபால்ல தொலைஞ்சிருக்கும்னு பத்து நாள் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம், உடம்பு சரியில்லையோன்னு ஞாயித்துக்கிழமை போன் கிடைச்சதும் உங்க பம்பிங் ஸ்டேஷனுக்கு அடிச்சேன். உங்க ஃபோர்மேன், "அவனுக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கான், பேசத்தான் மாட்டேங்கறான்"னார்.

நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா? தப்புன்னா திட்டி எழுதுங்க. நீங்க என்னைத் திட்டினதே இல்ல. அக்காதான் உங்களுக்கும் சேர்த்துத் திட்டுவா.

அணில்

ஆகஸ்ட் 22

அணிலுக்கு,

நான் நலம். வேலை அதிகம். வேற ஒண்ணும் இல்ல.

மாமா

செப்டம்பர் 3

மாமாவுக்கு,

உங்க லெட்டரைப் பிரிச்சுட்டு உறையைத் தலைகீழாக் கவிழ்த்துப் பார்த்தேன், இன்னொரு தாள் இருக்குமோன்னு.

நீங்க இதுவரைக்கும் எழுதின லெட்டரையெல்லாம் எடுத்து வரிசையா வச்சேன். எல்லாத்துலயும் முதல் வரி "நான் நலம்". அக்கா போய் பத்து மாசம் ஆச்சு, கடையில சாப்பாடு, போன் எடுக்கறதில்ல, நான் நலம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு மாமா. நீங்களும் எங்க வார்டுல சேர்ந்துட்டீங்க. நீங்க எழுதற நலமும் நான் எழுதற பதினெட்டும் ஒண்ணுதான். பார்க்காம எழுதறது. பொய் எழுதறவளுக்கு இன்னொரு பொய் தெரியாதா?

இங்க என்னைப் புகழறாங்க. கை சுறுசுறுப்பாம். ஆனா முந்தாநாள் ஏழாம் கட்டில்ல இருக்கறவர், "அம்மா, நீ தினமும் வர்ற, உன் முகத்தை நான் பார்த்ததே இல்ல, தலையைத் தூக்கவே மாட்டேங்கற"ன்னார். அப்பவும் நான் தலையைத் தூக்கல. எழுதிட்டிருந்தேன். என்ன எழுதிட்டிருந்தேன்னு உங்களுக்கே தெரியும்.

உண்மையா ஒரு வரி எழுதுங்க. ஒரே ஒரு வரி போதும்.

அணில்

செப்டம்பர் 10

அணிலுக்கு,

நீ கேட்டதால எழுதறேன். உட்கார்ந்து படி.

உன் அக்காவுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனது உனக்குப் பரீட்சை நடந்த வாரம். அதனால உன்னை வர வேண்டாம்னு சொன்னோம். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தா. மூணாம் நாள் காலையில, "ஏங்க, மூச்சு வாங்கற மாதிரி இருக்கு"ன்னா. நான் கட்டில் கால்மாட்டுல இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூச்சு பதினெட்டு. முன்னாடியும் பதினெட்டு. அதுக்கு முன்னாடியும் பதினெட்டு. "எல்லாம் சரியா இருக்கு, பயப்படாதே, படுத்துக்கோ"ன்னு சொன்னேன். அவ படுத்துக்கிட்டா. நான் சொன்னதாலதான் அவ யாரையும் கூப்பிடல.

மதியம் ரெண்டு மணிக்கு டாக்டர் ஓடி வந்தார். அதுக்குள்ள ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு. மறுநாள் முடிஞ்சது.

எங்க ஸ்டேஷன்ல ஒரு பேச்சு உண்டு. ஆடாத முள்ளை நம்பாதே. ஒரு மீட்டர் மூணு தடவை ஒரே எண்ணைக் காட்டினா, அது நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, செத்துப்போச்சுன்னு அர்த்தம். நான் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு ஓடுவேன். பத்து வருஷமா எனக்கு இதுதான் வேலை. அன்னிக்கு அந்த அட்டையில நாடி ஏறுது, காய்ச்சல் ஏறுது, மூச்சு மட்டும் நேர்கோடாப் போகுது. நான் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். நம்பினேன்.

முன்னாடியே எண்ணியிருந்தா அவ பிழைச்சிருப்பாளான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். பிழைச்சிருப்பான்னும் சொல்ல முடியாது, மாட்டான்னும் சொல்ல முடியாதுன்னார். அந்தப் பதில்லதான் நான் குடியிருக்கேன்.

உன் ஜூலை லெட்டர் வந்தப்ப உன்மேல கோபம் வந்துச்சு. இல்லன்னு சொன்னா அதுவும் பொய். அப்புறம் என் கணக்கைத் திருப்பிப் பார்த்தேன். பதினஞ்சு நிமிஷம் இடிக்குதுன்னு நானே எழுதியிருக்கேன். உன் அக்காவோட அட்டையை எழுதினவளுக்கும் அந்தப் பதினஞ்சு நிமிஷம் இருந்திருக்காது.

யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல. நான் நலமா இல்ல.

மாமா

தபாலில் போட்டு வந்த அன்றே வருத்தப்பட்டேன். மூன்று வாரம் பதில் இல்லை. நெட்டைச்சியின் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ஹாஸ்டல் படிகளில் அணிலின் பெட்டியோடு என் மாமனார் இறங்கி வருவது போலத் தோன்றியது.

அக்டோபர் 2

அணிலுக்கு,

பயிற்சியை விட்டுடாதே. நீ விடணும்னு நான் அதை எழுதல. ஏன் எழுதினேன்னு எனக்கே தெரியல. என்மேல கோபமா இருந்தா இரு. வேலையை மட்டும் விடாதே. அப்பாவுக்காகச் சொல்லல.

சாப்பிடறியான்னு மட்டும் ஒரு வரி எழுது.

மாமா

அக்டோபர் 26

அன்புள்ள மாமா,

சாப்பிடறேன். நீங்க கேட்ட ஒரு வரி இது. மிச்சத்தையும் எழுதறேன்.

உங்க லெட்டரைப் போர்வை ரூம்ல உட்கார்ந்துதான் படிச்சேன். அக்கா என்னைக் குழந்தையில தூக்கினது, பின்னல் போட்டது எதுவும் ஞாபகத்துக்கு வரல. அந்த அட்டையை எழுதினவ கைதான் தெரிஞ்சுது. என் கை மாதிரியே இருந்துச்சு. அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டேன். வார்டன்கிட்ட போனைக் கேட்டு வாங்கி அப்பாவுக்கு அடிக்கவும் போனேன். எடுத்தவுடனே அவர் பக்கத்துல யார்கிட்டயோ, "சின்னவ பேசறா, நர்சு"ன்னு சொல்றது கேட்டுச்சு. சும்மாதான் அடிச்சேன்னு வச்சுட்டேன்.

ஆனா அவருக்காக நிக்கல. மறுநாள் காலையில, கடைசியா ஒரு தடவை உண்மையா எண்ணிப் பார்த்துட்டுப் போயிடலாம்னு வார்டுக்குப் போனேன். ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு நிமிஷம் நின்னேன். ஏழாம் கட்டில்காரர், "என்னம்மா, இன்னிக்கு இப்படி முறைக்கற, காசு ஏதும் தரணுமா?"ன்னார். இருபத்திரண்டு பேர்ல பதினெட்டு வந்தது மூணே பேருக்குத்தான் மாமா. பதினாலு, இருபத்திரண்டு, பதினாறு, இருபது. ஒவ்வொருத்தரும் வேற வேற மாதிரி மூச்சு விடறாங்க. ஒருத்தருக்கு இருபத்தாறு. பதறிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். பார்த்தா, அந்த ஆளு திருட்டுத்தனமா மொட்டை மாடியில சிகரெட் பிடிச்சுட்டு, அப்பதான் ஓடி வந்து போர்வையை இழுத்து மூடியிருக்கார். டாக்டர் எங்க ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தத் திட்டு எனக்கு வலிக்கல.

எண்ணி முடிக்கறப்ப மணி எட்டேகால். சைரன் அவங்க ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு மாசமா எழுதினதெல்லாம் பொய்னு சொன்னேன். அக்காவைப் பத்தியும் சொன்னேன். அவங்க எழுந்து கதவைச் சாத்தினாங்க. அப்புறம் மெதுவா, "எங்க காலத்துல பதினாறு போடுவோம்"னாங்க. அவங்க குரல் அவ்வளவு சின்னதா வரும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

தண்டனை உண்டு. பயிற்சி முடிஞ்சதுக்கப்புறம் ரெண்டு மாசம் கூடுதலா இருக்கணும். இப்ப ரீடிங் எடுக்க ஒரு மணி நேரம் தர்றாங்க, ரெண்டு பேரா போறோம். அதுக்காக ஆறரைக்கே வார்டுல இருக்கணும். அதனால தோழிகளுக்கெல்லாம் என்மேல கடுப்பு. ஜெட் பேசறதே இல்ல. என் பேரு இப்ப அணில் இல்ல, உண்மைவிளம்பி. சாப்பாட்டு மேஜையில நான் உட்கார்ந்தா ரெண்டு பேர் எழுந்துக்கறாங்க. இது எவ்வளவு நாள் போகும்னு தெரியல. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பெட்டியைப் பிரிச்சுட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அக்கா அட்டையை எழுதினது என்னை மாதிரி ஒருத்திதான். அவளைத் திட்ட முடியலன்னா என்னைத் திட்டுங்க. அட்டையை நம்பினதுக்காக உங்களையே திட்டிக்கிட்டு இருக்காதீங்க. எண்ண வேண்டியது எங்க வேலை, உங்க வேலை இல்ல. இதை எனக்கு ஆறுதலாச் சொல்லத் தெரியல. எங்க வார்டுல சொல்ற மாதிரி சொல்றேன். அது உங்க டியூட்டி இல்ல மாமா.

உங்க அணில்

நவம்பர் 8

அணிலுக்கு,

உன் லெட்டரைப் பாக்கெட்லயே வச்சுக்கிட்டு ஒரு வாரம் வேலைக்குப் போனேன்.

அப்புறம் சனிக்கிழமை அந்த உறையை எடுத்துக்கிட்டு உன் அக்கா இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வருஷத்துக்கப்புறம் முதல் தடவை. அதே வார்டு. சுவருக்குப் பெயின்ட் மாத்தியிருக்காங்க. அந்தக் கட்டில்ல ஒரு அம்மா உட்கார்ந்து யார்கூடவோ சண்டை போட்டுட்டிருந்தாங்க. உன் வயசுல ஒரு பொண்ணு கையில அட்டையோட என்னைத் தாண்டி ஓடினா.

அங்க இருக்கற சிஸ்டர்கிட்ட அட்டையைக் கொடுத்து, "இந்த ஒரு கோடு மட்டும் ஆடல பாருங்க"ன்னேன். அவங்க ரொம்ப நேரம் பார்த்தாங்க. "புகார் கொடுக்க வந்தீங்களா?"ன்னாங்க. ஆமான்னேன். எழுதினது யாருன்னு தேட வேண்டாம், ரீடிங் எடுக்க எத்தனை நிமிஷம் கொடுக்கறீங்கன்னு தேடுங்கன்னு சொன்னேன். ஒரு தாள் கொடுத்தாங்க. உனக்குப் போட்ட கணக்கை அப்படியே எழுதி, பதினஞ்சு நிமிஷத்துக்கு அடியில கோடு போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். என்ன செய்வாங்கன்னு தெரியல. ஒண்ணும் செய்யாமலும் இருக்கலாம்.

அங்கிருந்து நேரா உங்க வீட்டுக்குப் போய் அம்மா அப்பாகிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். நான் அட்டையைப் பார்த்துட்டு அவளைப் படுக்கச் சொன்னதையும் சொன்னேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போயிட்டார். அம்மா, "இதை ஒரு வருஷமா வயித்துல வச்சுக்கிட்டா மாப்ளே சோறு தின்னீங்க?"ன்னு கேட்டாங்க. தட்டு வச்சாங்க. சாப்பிட்டேன். கிளம்பறப்ப அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தார். பஸ் வர்ற வரைக்கும் என் பையை அவர்தான் வச்சிருந்தார்.

உன் அக்கா பேரைச் சொல்லி பஸ் ஸ்டாண்டுலயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம்னு பார்க்கல. ரெண்டு பஸ் போயிடுச்சுன்னு அப்பா சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கோ. வார்டுல ஏழாம் கட்டில்ல இப்ப யார் இருந்தாலும் நிமிர்ந்து பாரு.

மாமா